காயத்தின் அளவும் தோலின் அளவும்

அமெரிக்காவில் ஒரு மருத்துவர், மாதக்கணக்கில் ஆறாத காலடிப் புண்ணின்மேல் உயிரியல் தோல் ஒன்றைப் பொருத்துகிறார். அதற்கான பணம் காப்பீட்டிலிருந்து அவருக்கு வந்து சேர வேண்டுமானால், அவர் எழுதிய குறிப்பை யாராவது படித்துக் குறியீடுகளாக மாற்றித் தர வேண்டும். அந்த யாராவது பல நேரங்களில் சென்னையிலோ சேலத்திலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கிறார். நான் திருச்சியில் இருக்கிறேன். இயன்முறை மருத்துவம் படித்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவள். இப்போது காயப் பராமரிப்புப் பிரிவில் மற்றவர்கள் போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர். நர்சிங், பார்மசி, நுண்ணுயிரியல், பல் மருத்துவம், சித்த மருத்துவம் என்று எல்லாப் படிப்பிலிருந்தும் எங்கள் அலுவலகத் தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். காயத்தை நேரில் பார்ப்பதற்கு யாருக்கும் வழியில்லை. சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பில், என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எங்களுக்குக் காயம்.

இந்தத் துறையில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரே பக்கத்தில் இரண்டு அளவுகள் இருக்கும் என்பதைத்தான். ஒன்று காயத்தின் பரப்பு. இன்னொன்று உறையைப் பிரித்து எடுத்த தோலின் பரப்பு. இரண்டுமே சதுர சென்டிமீட்டரில் இருக்கும், இரண்டுமே பணமாக மாறும், ஆனால் இரண்டும் போய்ச் சேரும் இடம் வேறு. நான் பார்த்த தவறுகளிலும், திருப்பி அனுப்பப்பட்ட கிளெய்ம்களிலும் (காப்பீட்டுப் பணக் கோரிக்கைகள்), செய்தித்தாளில் வரும் மோசடிகளிலும் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

முதலில் அந்தத் தோலைப் பற்றி. ஸ்கின் சப்ஸ்டிட்யூட் என்று அழைக்கப்படும் இந்த மாற்றுத்தோல்களின் பட்டியலைப் படித்தால் கதை படிப்பதுபோல் இருக்கும். மனிதத் தோலின் மேலணுக்களை ஆய்வகத்தில் வளர்க்க முடியும் என்று ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975இல் காட்டினார்கள். 1981இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும், எம்.ஐ.டி. பேராசிரியர் யானிஸ் யானஸும், மாட்டின் கொலாஜன் என்ற புரதத்தையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் கலந்து, மேலே சிலிக்கோன் படலம் போர்த்தித் தீக்காயம் பட்டவர்களுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார்கள். அதுவே பின்னர் இன்டெக்ரா என்ற பெயரில் 1996இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. 1998இல் அப்லிகிராஃப் வந்தது. பச்சிளம் ஆண் குழந்தைகளுக்குச் சுன்னத்துச் செய்யும்போது நீக்கப்படும் தோலிலிருந்து எடுத்த அணுக்களை மாட்டுக் கொலாஜனில் வளர்த்து, உயிரோடு அனுப்பும் வட்டத் தோல் அது. பன்றியின் சிறுகுடலில் செய்த ஓயாசிஸ் இருக்கிறது. ஐஸ்லாந்தில் காட் மீனின் தோலிலிருந்து செய்யும் கெரெசிஸ் இருக்கிறது. அந்த நிறுவனத்தை டென்மார்க்கின் கொலோபிளாஸ்ட் 2023இல் வாங்கிவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருப்பது பனிக்குடப் படலத்திலிருந்து செய்யும் வகை. பிரசவத்தின்போது தாய்மார் தானமாகத் தரும் நஞ்சுக்கொடியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். தோல் என்றதும் சென்னைக்காரர்களுக்கு அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நினைவுக்கு வரலாம். அங்கும் கொலாஜனைக் காயத்துக்குப் பயன்படுத்தும் ஆய்வு நெடுங்காலமாக நடந்து வருகிறது.

இனி குறியீடு. மாற்றுத்தோலைப் பொருத்தும் வேலைக்கு சி.பி.டி. என்ற அமெரிக்க மருத்துவச் செயல்முறைக் குறியீட்டு நூலில் எட்டுக் குறியீடுகள் உண்டு: 15271 முதல் 15278 வரை. 2012இல் வந்தவை. அதற்கு முன்னால் பொருளின் வகைக்கு ஒரு குறியீடு என்று சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தியதால், இப்போது குறியீட்டைத் தேர்ந்தெடுக்கப் பொருளின் பெயர் தேவையில்லை. இரண்டே கேள்விகள். காயம் உடலில் எங்கே இருக்கிறது? அதன் பரப்பு எவ்வளவு? உடற்பகுதி, கை, கால் என்றால் முதல் நான்கு குறியீடுகள். முகம், உச்சந்தலை, கழுத்து, காது, பிறப்புறுப்பு, உள்ளங்கை புறங்கை சேர்ந்த கைப்பகுதி, பாதம், விரல்கள் என்றால் அடுத்த நான்கு. ஒவ்வொரு நான்கிலும் 100 சதுர சென்டிமீட்டர்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே என்றால் முதல் 25க்கு ஒரு குறியீடும் அதன்பின் ஒவ்வொரு 25க்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், கூடுதல் குறியீடும். 100ஐத் தொட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும்: முதல் 100க்கு ஒன்று, அதன்பின் ஒவ்வொரு 100க்கும் ஒன்று.

ஒரு கற்பனைச் சார்ட்டை வைத்துப் பார்ப்போம். நோயாளிக்கு இரண்டாம் வகை நீரிழிவு. வலது உள்ளங்காலின் நடுப்பகுதியில் கொழுப்பு அடுக்கு தெரியும் புண், நீளம் 4.2, அகலம் 3.5, பரப்பு 14.7 சதுர சென்டிமீட்டர். அதே நோயாளிக்கு இடது முன்னங்காலில் சிரை நோயால் வந்த புண். 6க்கு 4, அதாவது 24. மருத்துவர் 44 சதுர சென்டிமீட்டர் கொண்ட ஒரு அப்லிகிராஃப் வட்டத்தைப் பிரித்து, வெட்டி, இரண்டு இடத்திலும் பொருத்தியிருக்கிறார். புதிதாக வந்தவர் செய்யும் முதல் காரியம் 14.7ஐயும் 24ஐயும் கூட்டுவது. கூட்டக் கூடாது. பாதம் ஒரு குழு, கால் இன்னொரு குழு. ஒரே குழுவைச் சேர்ந்த காயங்களின் பரப்பை மட்டும்தான் கூட்ட வேண்டும். ஆகவே பாதத்துக்கு 15275 ஒன்று, காலுக்கு 15271 ஒன்று. இதே இரண்டு காயங்களும் கால்களில் இருந்திருந்தால் 38.7, அப்போது 15271 ஒன்றும் 15272 ஒன்றும்.

"அக்கா, 44 சென்டிமீட்டர் தோலைத்தானே பிரித்தார், அதை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?" என்று கேட்காத பயிற்சியாளர் இல்லை. நியாயமான கேள்விதான். அந்த 44 வீணாகப் போகவில்லை. அது வேறு வரியில் வருகிறது. பொருளுக்கென்று, மருத்துவப் பொருள்களைக் குறிக்கும் ஹிக்பிக்ஸ் பட்டியலில் குறியீடு தனியாக உண்டு. அப்லிகிராஃப் என்றால் கியூ 4101, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு யூனிட். 2026க்கு முந்தைய முறைப்படி, காயத்தின்மேல் வைத்த 39 யூனிட் ஒரு வரியிலும், வெட்டி எறிந்த 5 யூனிட் ஜே.டபிள்யூ. என்ற மாடிஃபையரோடு (குறியீட்டோடு சேர்க்கும் துணைக்குறி) அடுத்த வரியிலும் போகும். எவ்வளவு வீணானது, ஏன் வீணானது என்பதை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். தோல் உறையில் இருக்கும் ஸ்டிக்கர், அதாவது லாட் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள சீட்டு, சார்ட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மருத்துவரின் கைவேலைக்குக் காயத்தின் அளவு, பொருளுக்குத் தோலின் அளவு. இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி நோயறிதல் குறியீடு. அந்தப் பாதப் புண்ணுக்கு, இரண்டாம் வகை நீரிழிவோடு பாதப் புண் என்று மட்டும் சொல்லும் இ 11.621 போட்டு நிறுத்தினால் போதாது. புண் எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லும் எல் 97.412ஐயும் சேர்க்க வேண்டும். வலதா இடதா என்று எழுத மறக்கும் மருத்துவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆழத்தை எழுதாதவர்கள் அவர்களைவிட அதிகம்.

காயத்தின் பரப்பு என்று இவ்வளவு உறுதியாகப் பேசுகிறோமே, அது எப்படி வருகிறது? பெரும்பாலும் ஒரு காகித அளவுகோலிலிருந்து. தலை முதல் கால் வரையான திசையில் நீளம், குறுக்கே அகலம், இரண்டையும் பெருக்கு. ஆனால் காயம் எதுவும் செவ்வகமாக வருவதில்லை. நீள்வட்டமான புண் ஒன்றின் உண்மையான பரப்பு, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணில் ஏறத்தாழ 78.5 சதவீதம்தான். 6க்கு 5 என்று எழுதினால் 30. அந்தக் கணக்குப்படி 15271ஓடு 15272உம் சேரும். அதே புண்ணை நீள்வட்டமாக அளந்தால் 23.6, ஒற்றைக் குறியீடு. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விதியை மீறவில்லை, ஆனாலும் ஒரு குறியீடு கூடிவிட்டது. புகைப்படத்திலிருந்து விளிம்பைக் கண்டுபிடித்துப் பரப்பைச் சொல்லும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை பரவினால் எண்கள் கொஞ்சம் சுருங்கும் என்பது என் கணிப்பு. ஆடிட்டராக எனக்கு அந்தச் செவ்வகத்தைத் திருத்தும் அதிகாரம் இல்லை. மருத்துவர் 30 என்று எழுதினால் எனக்கும் 30தான். ஆனால் அழுகிய திசுவை அகற்றுவதற்கு முன் அளந்ததா, பின் அளந்ததா என்று பார்ப்பேன். தோல் வைக்கும் காயம், சுத்தம் செய்தபின் இருக்கும் காயம். காலையில் செவிலியர் எழுதிய அளவும் செயல்முறைக் குறிப்பில் மருத்துவர் எழுதிய அளவும் வேறு வேறாக இருக்கும் சார்ட்டுகள் ஏராளம். அங்கேதான் மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் குவெரி எழுத வேண்டும்.

குவெரி எழுதுவது ஒரு கலை. மருத்துவரிடம் தெளிவு கேட்கலாம். பதிலை வாயில் ஊட்டக் கூடாது. "காயம் 26 சதுர சென்டிமீட்டர் என்று உறுதிப்படுத்தவும்" என்று எழுதினால் அது வழிகாட்டும் கேள்வி, விதிப்படி தவறு. "குறிப்பில் இரண்டு அளவுகள் உள்ளன, பொருத்தும் நேரத்தில் இருந்த அளவைத் தெரிவிக்கவும்" என்று எழுத வேண்டும். கடல் தாண்டி இருக்கும், என்னைவிட எவ்வளவோ அதிகம் படித்த ஒருவரிடம், அவர் என்ன செய்தார் என்பதை அவரையே சொல்ல வைக்க வேண்டும். பணிவும் வேண்டும், பிடிவாதமும் வேண்டும். சிலர் நன்றி சொல்லித் திருத்துவார்கள். சிலர் பதிலே தர மாட்டார்கள். பதில் வராத சார்ட்டைப் பில் போட அனுப்ப முடியாது என்று மேலாளரிடம் சொல்லும் நாள்கள் இனிமையானவை அல்ல. மணிக்கு இத்தனை சார்ட் என்ற இலக்கு ஒரு பக்கம், சரியாக இருக்க வேண்டும் என்ற சதவீதம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆளின் சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன என்பது இந்தத் தொழிலின் கோணல்.

அளவு சரியாக இருந்தாலும், தோல் வைத்தது தேவையா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பொதுவாகக் காப்பீட்டுத் தரப்பு எதிர்பார்ப்பது இது: முதலில் வழக்கமான சிகிச்சையைக் குறைந்தது நான்கு வாரம் முறையாகச் செய்து பார்த்திருக்க வேண்டும், அதன்பிறகும் காயம் போதுமான அளவு சுருங்கியிருக்கக் கூடாது. நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாத பாதப் புண் எளிதில் ஆறாது என்பது மருத்துவர்கள் நம்பும் அளவுகோல். வழக்கமான சிகிச்சை என்றால் மருந்து வைத்துக் கட்டுவது மட்டும் அல்ல. நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு எடை படாமல் காக்கும் காலணியோ மாவுக்கட்டோ போட்டார்களா? சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டு கட்டினார்களா? காலுக்கு ரத்த ஓட்டம் போதுமா என்று சோதித்தார்களா? சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா? தொற்று இல்லையா? இயன்முறை மருத்துவம் படித்தவளாக இங்கே எனக்கு ஒரு சார்பு உண்டு, மறைப்பதற்கில்லை. எடையை இறக்காமல் அந்தப் பாதத்தின்மேல் எந்தத் தோலை வைத்தாலும் அது நிற்காது. "எடை தவிர்க்க அறிவுறுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரி எல்லா வாரமும் அச்சுப் பிசகாமல் வருவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முந்தைய வாரக் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சில நேரம் காயத்தின் அளவும் சேர்ந்தே ஒட்டப்பட்டிருக்கும்: வாரத்துக்கு வாரம் அதே 14.7, தசமம்கூட மாறாமல். உண்மையிலேயே மாறவில்லை என்றால் அந்தத் தோல் வேலை செய்யவில்லை. மாறியிருந்தால் குறிப்பு பொய். இரண்டில் எது என்றாலும் அடுத்த தோலுக்குப் பணம் கேட்பது சிரமம்.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், மருத்துவர் சேவைகளுக்கான பகுதி பி பிரிவில் இந்தத் தோல்களுக்குச் செலவிட்டது 2019இல் ஏறத்தாழ 25 கோடி டாலர். 2024இல் அது 1,000 கோடி டாலரைத் தாண்டியது. நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது, செலவோ நாற்பது மடங்கு. காரணம், விலை நிர்ணயித்த விதம். மருத்துவமனைக்கு வெளியே, கிளினிக்கிலும் வீட்டிலும் வைக்கப்பட்ட தோல்களுக்கு மருந்துகளைப்போல் ஒவ்வொரு பொருளின் சொந்த விலையை ஒட்டியே பணம் கிடைத்தது. புதிய பொருள், புதிய கியூ குறியீடு, புதிய உயர்ந்த விலை. காலாண்டுக்கு ஒருமுறை வரும் ஹிக்பிக்ஸ் பட்டியலில் பனிக்குடப் படலத்தின் புதுப் பெயர்கள் வரிசையாக வந்ததை நாங்கள் தளத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சில பொருள்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 2,000 டாலர் வரை போனது. 20 சதுர சென்டிமீட்டர் வைத்தால் 40,000 டாலர். துணைக் காப்பீடு இல்லாத நோயாளியின் பங்கு அதில் ஐந்தில் ஒன்று, 8,000 டாலர். மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் அதே தோலின் விலை 2014 முதல் 2025 வரை செயல்முறைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருந்ததால் அங்கே இந்த வீக்கம் இருக்கவில்லை. கொள்ளை எங்கே நடக்கும் என்பதை விலைப்பட்டியலே சொல்லிவிட்டது.

அரிசோனாவில் ஒரு தம்பதி 100 கோடி டாலருக்கும் மேலான பொய்க் கிளெய்ம்களுக்குக் காரணமாக இருந்ததாக ஒப்புக்கொண்ட வழக்கை அமெரிக்க நீதித் துறை வெளியிட்டிருக்கிறது. மருத்துவப் பயிற்சி இல்லாத விற்பனையாளர்கள் முதியவர்களைத் தேடிப் பிடித்தார்கள்; அவர்களில் பலர் வாழ்வின் இறுதிக் கட்டப் பராமரிப்பில் இருந்தவர்கள். மேலோட்டமான சிறு புண்களின்மேலும் பனிக்குடத் தோல் வைக்கப்பட்டது. அரசுத் தரப்பு அடுக்கிய குற்றங்களில் ஒன்று என்னை நிறுத்தியது: காயத்தின் அளவைவிட மிகப் பெரிய பரப்பில் தோல் வைக்கப்பட்டது என்பது. நான் பயிற்சியாளர்களுக்கு முதல் நாளில் சொல்லும் அதே இரண்டு எண்கள்!

இதைப் படித்ததும் எங்கள் தளத்தில் ஒரு வாதம் எழுந்தது. இத்தனை கிளெய்ம்களையும் யாரோ ஒரு கோடர் தாண்டித்தானே போயிருக்க வேண்டும் என்றார் ஒருவர். கோடரைக் குறை சொல்வது எளிது. குறிப்பில் 30 என்று எழுதியிருந்தால் அவர் 30க்குத்தான் குறியீடு போட முடியும். ஆனால் ஒரே பொருள், ஒரே அளவு, ஊர் ஊராக எல்லா நோயாளிக்கும் வந்தால் கண்ணில் படாமல் போகாது. பட்டதைச் சொல்வதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் ஒரு இணக்கப் பிரிவு இருக்கிறது. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. வாடிக்கையாளர் போய்விடுவார் என்று தயங்கும் மேலாளர்களை எனக்குத் தெரியும்; அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

2026 ஜனவரி முதல் மெடிகேர் விதியை மாற்றிவிட்டது. மாட்டுக் கொலாஜனோ மீன் தோலோ பனிக்குடமோ, பெரும்பாலான மாற்றுத்தோல்களுக்கு இப்போது ஒரே விலை: சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 127 டாலர். உயிரியல் மருந்தாக உரிமம் பெற்றவை மட்டும் பழைய வழியில் தொடர்கின்றன. 2,000 டாலருக்குப் போன பொருளுக்கு இது மரண அடி. விலை குறைவான, நேர்மையாகச் செய்யப்பட்ட சில பொருள்களுக்கு வரவு கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், ஒரு குறையோடு. விலை ஒன்றானதும் விலை உயர்ந்த பொருளைத் தேடும் ஆசை போய்விடும். ஆனால் பணம் இன்னும் பரப்பைத்தான் பின்தொடர்கிறது. பெரிய காயத்துக்கு அதிகப் பணம் என்ற கணக்கு மாறாத வரை, அளவுகோலைக் கொஞ்சம் தாராளமாகப் பிடிக்கும் கையும் மாறாது. ஆகவே எங்கள் தணிக்கைப் பட்டியலில் விலை தொடர்பான வரிகள் குறைந்திருக்கின்றன, அளவு தொடர்பான வரிகள் அப்படியே இருக்கின்றன.

குறியீட்டை மென்பொருளே போட்டுவிடும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் சோதித்துப் பார்த்த ஒரு மென்பொருள், எட்டுக் குறியீடுகளையும் 100இன் எல்லையையும் பிழையில்லாமல் தெரிந்து வைத்திருந்தது. ஆனால் அது பரப்பை எடுத்த இடம் ஸ்டிக்கர். 44 என்று அங்கே தடித்த எழுத்தில் இருந்தது, 14.7 பத்தியின் நடுவில் புதைந்து கிடந்தது.

எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. வலது முன்னங்காலில் 60 சதுர சென்டிமீட்டர் காயம், இடது தொடையில் 45, வலது பாதத்தில் 10. மூன்றிலும் ஒரே நாளில் மாற்றுத்தோல். என்ன குறியீடுகள்? கால் இரண்டும் சேர்ந்து 105, ஆகவே 15273 ஒன்று, மிச்சம் உள்ள 5க்கு 15274 ஒன்று. பாதத்துக்கு 15275 ஒன்று, உரிய மாடிஃபையரோடு. பலர் 15271இல் தொடங்கி 15272ஐ அடுக்கிக்கொண்டே போய்விடுவார்கள். சிலர் சரியாகச் சொல்வார்கள். சென்ற முறை வந்தவர்களில், சித்த மருத்துவம் படித்த ஒரு பெண் பேனாவை எடுப்பதற்கு முன்பே, "மேடம், இந்த மூன்று காயத்துக்கும் நான்கு வாரத்துக்கு முந்தைய அளவு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கணக்கில் 15274ஐ விட்டுவிட்டார். அவரைத்தான் எடுத்தோம், 15274 ஒரு வாரத்தில் வந்துவிட்டது.